மனச்சமநிலையும் மெய்யுணர்வும்

மாணாக்கனொருவன் ஒரு பொருளை விரும்புதற்கும் வெறுத்தற்கும் அப்பொருளின் நன்மை தீமைகளே காரணமென்று நாம் பெரும்பாலும் எண்ணியிருக்கின்றோம். சிறிது ஊன்றி நோக்கின் அது முழுவதும் உண்மையன்றென்பது புலனாகும். தன்னை அன்போடு நடத்தும் ஆசிரியர் கற்பிப்பது கணிதமாயினும் இலக்கணமாயினும் இனிக்கின்றது. தன்னை இகழ்ந்து தண்டிப்பவர் கற்பிப்பது தேவாரமேயாயினும் கசக்கின்றது.

இவ்வியல்பை மனோதத்துவ நூலார் நன்கு ஆராய்ந்துள்ளனர். வியன்னா நகரிற் பிறந்து 1930 இல் அமெரிக்கா சென்று வாழ்ந்த பிரிட்ஸ் ஹைடர் என்னும் அறிஞர், 1946 இல் வெளியிட்ட கட்டுரையிலும் 1958 இல் வெளியிட்ட நூலிலும் இதனைச் சமநிலைக் கொள்கையால் விளக்கினார். நம் நண்பர் விரும்புவதை நாமும் விரும்பின் மனம் அமைதியுறும். நாம் வெறுப்பவர் விரும்புவதை நாம் வெறுப்பினும் அமைதியுறும். நண்பர் விரும்புவதை வெறுக்க நேரினும், பகைவர் விரும்புவதை விரும்ப நேரினும் மனம் இடர்ப்படும். அவ்விடர் நீங்குதற்பொருட்டு, பொருளின்மேற் கொண்ட கருத்தையேனும் மனிதர்மேற் கொண்ட கருத்தையேனும் மாற்றிக்கொள்ள முயலும். இதுவே அவர் கண்ட முடிபு.

ஈண்டு நாம் சிந்திக்கற்பாலது ஒன்றுண்டு. மனம் இவ்வாறு தேடுவது அமைதியையே; உண்மையையன்று. அன்புடையார் பலர் கூடிப் பிழையானதொன்றை ஏற்பினும் அங்கே சமநிலை உண்டு. சாதிச்செருக்கு தந்தையிடமிருந்து மைந்தனுக்கு இறங்குவதும் அன்பின் வழியேயன்றோ?

மனத்தின் இடர்ப்பாட்டைத் தாங்கி நின்ற பெரியோர் நம் சமயத்தில் உளர். தம்பியார் மருணீக்கியார் சமணஞ்சார்ந்து தருமசேனரென விளங்கியபோது, திலகவதியார் அவர்மேல் வைத்த அன்பை ஒழித்தாரல்லர். அவ்வன்பின்பொருட்டு அவர் கொள்கையை ஏற்றாருமல்லர். திருவதிகையிலே திருத்தொண்டு செய்து இறைவனை வேண்டியிருந்தார். சூலைநோயால் வருந்திய தம்பியார் ஆளனுப்பி அழைத்தபோது சமணரிடத்துக்குச் செல்ல மறுத்தார். அவரே தேடிவந்தபோது திருநீறளித்து ஏற்றுக்கொண்டார். அன்பு, கொள்கை இரண்டையும் அவர் கைவிடாமையாலன்றோ திருநாவுக்கரசரை நாம் பெற்றோம்!

பார்சிவல் பாதிரியாருக்கு விவிலிய நூலைத் தமிழாக்குதலில் உதவிய ஆறுமுகநாவலரவர்கள் அவர் சமயத்தை மறுத்தார்கள். ஆயினும், பாதிரிமார் கையாண்டவை என்பதுபற்றிப் பிரசங்கத்தையும் பாடசாலையையும் அச்சியந்திரத்தையும் வெறுத்தார்களல்லர். 1847 இல் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே பிரசங்கத்தையும், 1848 இல் அவ்வூரிலே சைவப்பிரகாச வித்தியாசாலையையும் தொடங்கினார்கள். நன்மை யாரிடத்திருப்பினும் நன்மையே என்பது இதனால் விளங்கும்.

ஆதலின் ஆசிரியராகிய நமக்குக் கடமைகள் மூன்றுள. நம்மேல் எழும் வெறுப்பு நாம் கற்பிக்கும் சமயத்தின்மேற் சென்று படியுமாதலால், திருமுறை ஓதத் தவறிய சிறுவனைப் பிரம்பினால் திருத்த முயலாதிருத்தல் முதலாவது. நம்மேல் வைத்த அன்பினால் அவன் தலையசைப்பதை அறிவென்று கொள்ளாது, "ஐயா சொன்னார்" என்பதை விடையாக ஏலாது, காரணம் வினாவுதல் இரண்டாவது. அவன் நம்மோடு மாறுபட்டு உரைப்பினும் அவன்மேல் நமக்குள்ள அன்பைக் குறைத்துக்கொள்ளாமை மூன்றாவது. இம்மூன்றனுள்ளும் மூன்றாவதே அரிது. மாறுபட்டதனால் ஆசிரியரன்பை இழந்த பிள்ளை, அமைதியின்பொருட்டு உண்மையை விடுதலையே நம்மிடத்துக் கற்றவனாவான். அத்தகையானொருவன் திருநீறு பூசிச் சைவனெனத் தோன்றினும், நாம் அவனுக்குச் சைவத்தைக் கற்பித்தோமென்று சொல்லுதல் எங்ஙனம் பொருந்தும்?