நடை சாத்தியிருக்கும் நேரம்

(டொராண்டோ ஸ்கார்பரோவில் தமிழ் அடியார்கள் கூடிய சபையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கோயிலுக்குப் போய்வந்தவர்கள் சொல்லும் குறைகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். "ஐயா, அவ்வளவு தூரம் கார் ஓட்டிக்கொண்டு போனோம். போய்ச் சேர்ந்தால் நடை சாத்திவிட்டார்கள்!" இந்தச் சலிப்புக்குள் பக்தியின் முதல் பாடம் இருக்கிறது. அதைப் படிக்க இன்றைக்கு நம் ஊர்க் கோயில் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

இங்கிருந்து 401 நெடுஞ்சாலையில் மேற்கே போய், 427-இல் வடக்கே திரும்புங்கள். ஃபிஞ்ச் அவென்யூவை நெருங்கும்போது வெள்ளை வெளேரென்று சிகரங்கள் தெரியும். அதுதான் பாப்ஸ் சுவாமிநாராயண் மந்திர். 18 ஏக்கர் வளாகம். 2007 ஜூலை 22 அன்று பாப்ஸ் அமைப்பின் அன்றைய தலைவர் பிரமுக் சுவாமி மகராஜ் அதைத் திறந்துவைத்தார். அன்றைய பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரும் வந்திருந்தார். இத்தாலியின் கராரா சலவைக்கல், துருக்கிச் சுண்ணாம்புக்கல், இந்தியாவின் இளஞ்சிவப்புக் கல் என்று 24,000 துண்டுகள், அத்தனையும் கையால் செதுக்கியவை. இந்தியச் சிற்பிகள் செதுக்கி, எண் போட்டு, கப்பலேற்றி அனுப்பிய கற்களை இங்கே 18 மாதத்தில் கோத்து நிறுத்திவிட்டார்கள். கல்லைத் தாங்க இரும்பு வைக்கவில்லை. இரும்பு துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் கல் வெடிக்கும். தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரம் வருஷமாக நிற்கிறதே, அங்கேயும் கல்லைக் கல்தானே தாங்குகிறது!

உள்ளே தூணுக்குத் தூண் தெய்வ வடிவங்கள். அண்ணாந்தால் விதானம் முழுக்கப் பூவும் கொடியும். போனை எடுத்துப் படம் பிடிக்க விடமாட்டார்கள். நல்லதுதான், கண்ணுக்கு வேலை கிடைக்கும்.

கல்லைப் பார்த்தாயிற்று. சந்நிதிக்கு வருவோம். நடுவில் சுவாமிநாராயணர், பக்கத்தில் அவருடைய தலையாய சீடர் குணாதீதானந்த சுவாமி. ராதையும் கண்ணனும், சீதையும் ராமனும், பார்வதியும் பரமேசுவரனும் உண்டு. நம் பிள்ளையாரும் அனுமாரும் அங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் போய் நின்றபோது திரை போட்டிருக்கலாம். ஏன்?

அந்தக் கோயிலில் நாளுக்கு ஐந்து ஆரத்தி. விடிகாலையில் சுவாமியை எழுப்பும் மங்கள ஆரத்தி. அலங்காரம் முடிந்ததும் சிருங்கார ஆரத்தி. பகல் உணவு படைத்தபின் ராஜபோக ஆரத்தி. விளக்கு வைக்கும் வேளையில் சந்தியா ஆரத்தி. உறங்கப் போகுமுன் சயன ஆரத்தி. ராஜபோகம் முடிந்தால் பகல் ஓய்வு. நடை சாத்திவிடுவார்கள், மாலையில்தான் திறப்பார்கள். உடை மாற்றும்போது திரை, உணவு படைக்கும்போது திரை. சாப்பிடுகிறவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கலாமா? நம் வீட்டு விருந்தாளிக்குக் காட்டும் மரியாதை சுவாமிக்கு வேண்டாமா?

உணவு படைக்கும்போது தாள் என்ற வகைப் பாட்டுப் பாடுவார்கள். ஒவ்வொரு பதார்த்தமாகப் பெயர் சொல்லி, "இதைக் கொஞ்சம், அதைக் கொஞ்சம்" என்று உபசரிக்கிற பாட்டு. முடிவில் கை கழுவத் தண்ணீரும், ஏலம் கிராம்பு வைத்த வெற்றிலையும்கூடப் பாட்டிலேயே வந்துவிடும். குளிர்காலத்தில் சுவாமிக்குச் சால்வை. கோடையில் சந்தனக் காப்பு.

தீபாவளிக்கு மறுநாள் வரும் குஜராத்திப் புத்தாண்டில் அன்னகூடம். படி படியாக மேடை கட்டி, வீடு வீடாகச் சமைத்துக் கொண்டுவந்த நூற்றுக்கணக்கான பதார்த்தங்களை மலைபோல் அடுக்குவார்கள். வெங்காயம் பூண்டு சேர்க்காத சமையல். இந்த வழக்கத்துக்கு வடக்கே சொல்லும் காரணம் அழகானது. இந்திரன் ஏவிய மழையைத் தடுக்கக் கோவர்த்தன மலையைத் தூக்கிப் பிடித்த ஏழு நாளும் கண்ணன் சாப்பிடவில்லை. யசோதை அவனுக்கு நாளுக்கு எட்டு வேளை ஊட்டுகிறவள். மழை நின்றதும் கணக்குப் பார்த்தார்கள். ஏழெட்டு ஐம்பத்தாறு. தவறிய வேளைகளுக்கெல்லாம் சேர்த்து ஐம்பத்தாறு பதார்த்தம் படைத்தார்களாம். இந்திரனை வென்ற பிள்ளையைப் பார்த்து ஊர் பிரமித்து நிற்கிறது. தாய்க்கோ, பிள்ளை எத்தனை வேளை பட்டினி என்பதுதான் கணக்கு.

இதெல்லாம் குஜராத்திக்காரர்களின் வழக்கம், நமக்கென்ன என்று நினைக்கலாம். கேளுங்கள். 1781-இல் அயோத்திக்குப் பக்கத்தில் சப்பையா என்ற ஊரில் பிறந்த சுவாமிநாராயணர், பதினோரு வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டார். நீலகண்ட வர்ணி என்ற பெயரோடு ஏழு வருஷம் பாதயாத்திரை. திருப்பதி, காஞ்சி, ஸ்ரீரங்கம், ராமேசுவரம், கன்னியாகுமரி எல்லாம் அவர் கால் பட்ட தலங்கள் என்று சம்பிரதாய நூல்கள் சொல்கின்றன. 1826-இல் அடியார்களுக்காக எழுதிய சிக்ஷாபத்திரியில், விசிஷ்டாத்வைதமே தமக்கு உகந்த மதம் என்றார். ராமானுஜருடைய ஸ்ரீபாஷ்யத்தையும் கீதா பாஷ்யத்தையும் தம் ஆன்மிக நூல்களாக ஏற்றார். பாப்ஸ் அமைப்பினர் தங்கள் தத்துவத்தை அக்ஷர புருஷோத்தம தரிசனம் என்று தனியாக விளக்குவார்கள், அது வேறு. ஆனாலும் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த உடையவர் ராமானுஜரின் வாசம் அந்த மந்திர் நிற்கும் எட்டோபிகோ வரை வந்து வீசுகிறது என்பதில் ஐயமில்லை.

அந்த உடையவர் ஸ்ரீரங்கத்தில் என்ன செய்தார்? வேதாந்தம் சொன்னதோடு நிற்கவில்லை. கோயில் பணிகளைப் பத்துக் கொத்தாகப் பிரித்து, யார் எந்த வேளையில் எதைச் செய்வது என்று வகுத்தார் என்கிறது கோயிலொழுகு. ஏன் அவ்வளவு அக்கறை? வைணவப் பெரியவர்கள் அர்ச்சாவதாரத்தைப் பற்றிச் சொல்வார்கள்: உலகத்தையே தன் வசத்தில் வைத்திருப்பவன், சிலை வடிவத்தில் வந்து அடியவன் வசத்தில் தன்னை ஒப்படைத்துவிடுகிறான். நீராட்டினால் நீராடுவான், ஊட்டினால் உண்பான். அவன் நம்மை நம்பி வந்திருக்கும்போது நாம் வேளை தவறலாமா?

சைவத்திலும் அப்படித்தான். ஆறு கால பூசை என்பது இதுதானே. தொண்டரடிப்பொடியாழ்வார் அரங்கனுக்குத் திருப்பள்ளியெழுச்சி பாடினார். மாணிக்கவாசகர் திருப்பெருந்துறைச் சிவனுக்குப் பாடினார். யாழ்ப்பாணத்துக்காரருக்கு நான் சொல்லவே வேண்டாம். நல்லூரில் கந்தனுக்குப் பூசை மணி அடித்தால் ஊர் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். யார் வந்தாலும் வராவிட்டாலும் அந்த நேரம் பிசகாது.

இப்போது அந்தக் குறைக்கு வருவோம். நடை சாத்தியிருந்தால் நமக்கு ஏன் கோபம் வருகிறது? கடையும் வங்கியும் நம் வசதிக்குத் திறந்திருக்கப் பழகிவிட்டோம். சுவாமியும் திறந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். திரைக்கு முன்னால் காத்து நிற்கிற பத்து நிமிஷத்தில், "இது என் நேரம் இல்லை, உன் நேரம்" என்று மனசு முதல்தடவையாக ஒத்துக்கொள்கிறது. வணக்கம் அங்கே தொடங்குகிறது. திரை விலகுவது அதற்குப் பிறகுதான்.

இந்த ஊரில் நேரம் எவ்வளவு விலை உயர்ந்தது என்று உங்களுக்குத் தெரியும். இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து இறங்கியவர்கள், பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை என்று உழைத்தவர்கள், அபார்ட்மெண்ட் அறை மூலையில் சுவாமி படத்தை வைத்து விளக்கேற்றியவர்கள், பண்டகசாலைக் கட்டடங்களைக் கோயிலாக்கியவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறீர்கள். மணிக்கு இவ்வளவு என்று விலை போகிற நேரத்தில் கொஞ்சத்தை எடுத்துச் சுவாமிக்கு வைத்தீர்களே, உண்டியலில் போடும் காசைவிட அது பெரிய காணிக்கை.

"ஐயா, ஷிப்ட் வேலை. ஐந்து ஆரத்தி என்ன, மாதத்துக்கு ஒன்றுகூட முடியவில்லை" என்பீர்கள். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். சுவாமிநாராயண சம்பிரதாயத்தில் மானசீ பூஜை என்று ஒன்று உண்டு. கண்ணை மூடி மனசுக்குள்ளேயே சுவாமியை எழுப்பி, நீராட்டி, ஊட்டி, உறங்க வைப்பது. பருவத்துக்கு ஏற்றபடி செய்யச் சொல்கிறார் சுவாமிநாராயணர், தம் உரைகளின் தொகுப்பான வசனாமிருதத்தில். குளிர்காலமா, மனசுக்குள்ளேயே சுடச்சுட உணவு, கதகதப்பான உடை. கோடையா, குளிர்ந்த சந்தனம். டொராண்டோ ஜனவரிக்கு இதைவிடப் பொருத்தமான பூசை உண்டா?

நமக்கு இது புதிதா? திருநின்றவூர்ப் பூசலாரைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிவைத்திருக்கிறாரே. கையில் காசில்லை. மனசுக்குள்ளேயே அடித்தளம் போட்டு, கல் அடுக்கி, விமானம் எழுப்பி, குடமுழுக்குக்கு நாளும் குறித்துவிட்டார். அதே நாளைக் காஞ்சியில் கற்கோயில் கட்டிய பல்லவ மன்னன் காடவர்கோனும் குறித்திருந்தான். இறைவன் அரசன் கனவில் வந்து, "அன்றைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் நாளைத் தள்ளி வை" என்றார். பல்லவன் கோயில் சிறியது என்று இறைவன் சொல்லவில்லை. நாளை மாற்றச் சொன்னதோடு சரி. படையும் பொருளும் உள்ள மன்னன், ஓர் ஏழையின் நாளுக்காகத் தன் நாளை விட்டுக்கொடுத்தான். திருநின்றவூரைத் தேடிப்போய் அவர் காலிலும் விழுந்தான். அவன் கட்டிய கோயிலிலேயே உயர்ந்த கல் அந்தப் பணிவுதான்.

ஆகவே, ஒருமுறை குடும்பத்தோடு அந்த மந்திருக்குப் போய்வாருங்கள். நேரம் விசாரித்துக்கொண்டு, ஆரத்திக்குக் கால்மணி முன்னதாகப் போங்கள். திரை போட்டிருந்தால் பேசாமல் உட்காருங்கள். பிள்ளைகளிடம், "சுவாமி சாப்பிடுகிறார்" என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு நாளில் ஒரு வேளையை, ஐந்தே நிமிஷமானாலும், சுவாமியின் வேளை என்று குறித்துக்கொள்ளுங்கள். வேலையிடத்தில் தேநீர் இடைவேளையாக இருந்தாலும் சரி. அந்த வேளைக்குப் போன் வந்தால் எடுக்காதீர்கள். அது அவன் நேரம், நடை சாத்தியிருக்கிறது என்று உலகத்துக்கும் ஒருமுறை தெரியட்டும்.