கற்றலில் பொறுப்பின் இடம்

பழகிப் பழகி வரும் திறனும் கல்வியால் வரும் அறிவும் ஒன்றுதானா என்பது மெய்யியலின் பழைய கேள்வி. செயற்கை நுண்ணறிவையும் டிரோன்களையும் கொண்டு பல்கலைக்கழகங்கள் நடத்தும் ஆய்வுகளால் இதைச் சோதித்துப் பார்க்க வழி பிறந்திருக்கிறது. இயந்திரம் மாணவராக இருந்த ஆய்வுகள் உண்டு; ஆசிரியராக இருந்த ஆய்வுகளும் உண்டு. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. தன் செயலின் விளைவைத் தன்னுடையதாக ஏற்கும் பொறுப்பு கற்றலின் உள்ளுறுப்பு. அதை எடுத்துவிட்டால் திறன் மிஞ்சலாம், கல்வி மிஞ்சாது.

மாணவராக இயந்திரம்

சூரிச் பல்கலைக்கழகத்தில் டேவிடே ஸ்கரமுட்சா தலைமையிலான ரோபோ ஆய்வுக் குழு ‘ஸ்விஃப்ட்’ என்னும் டிரோன் ஓட்டும் நிரலை உருவாக்கியது. 2022 ஜூனில், சூரிச்சுக்கு அருகே டூபன்டோர்ஃப் விமானத்தளத்தின் கொட்டகை ஒன்றில், மனிதச் சாம்பியன்கள் மூவருடன் அது போட்டியிட்டது. ஏறத்தாழ 25 மீட்டர் நீள அகலமுள்ள களத்தில் ஏழு சதுர வாயில்கள் நிறுத்தப்பட்டிருந்தன. அவற்றை வரிசை மாறாமல் கடந்து மூன்று சுற்றுகளை முதலில் முடிப்பவருக்கு வெற்றி. அலெக்ஸ் வேனோவர், தாமஸ் பிட்மாட்டா, மார்வின் ஷேப்பர் ஆகிய மூவருக்கும் அந்தக் களத்தில் பழக ஒரு வார அவகாசம் தரப்பட்டது. நடந்த 25 ஓட்டங்களில் 15-ஐ ஸ்விஃப்ட் வென்றது. ஆய்வின் முடிவு 2023 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது.

ஸ்விஃப்ட் கற்ற விதம் கவனிக்கத்தக்கது. எப்படி வளைய வேண்டும், எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று அதற்கு யாரும் விதி சொல்லித்தரவில்லை. மேசைக் கணினி ஒன்றில் அமைந்த பாவனைக் களத்தில் அது மீண்டும் மீண்டும் பறந்தது. அடுத்த வாயிலை நெருங்கினால் மதிப்பெண் கூடும், வாயில் கேமராவின் பார்வைக்குள் இருந்தால் கூடும், மோதினால் குறையும். இந்தக் கூட்டல் கழித்தலை வைத்தே தன் போக்கை அது திருத்திக்கொண்டது. சுமார் 50 நிமிடக் கணிப்பில் இந்தப் பயிற்சி முடிந்துவிட்டது. அதன் பிறகு உண்மை டிரோனில் பறந்து எடுத்த தரவுகளைக் கொண்டு பாவனைக்கும் நிஜத்துக்கும் உள்ள வேறுபாடு சரிசெய்யப்பட்டது.

அதன் குறைகளையும் ஆய்வாளர்களே பதிவுசெய்தார்கள். மோதிய பிறகு, டிரோன் உடையாமல் இருந்தால், மனிதர் சமாளித்துப் பறப்பைத் தொடர்கிறார். ஸ்விஃப்ட்டுக்கு அந்தப் பயிற்சி இல்லை. களத்தின் வெளிச்சம் மாறினாலும் அதன் பார்வை தடுமாறக்கூடும்.

ஆங்கில மெய்யியலாளர் கில்பர்ட் ரைல் 1949-இல் ஒரு வேறுபாட்டை வலியுறுத்தினார்: ஒன்று இன்னதென்று தெரிந்திருப்பது வேறு, அதைச் செய்யத் தெரிந்திருப்பது வேறு. இரண்டாவது அளவுகோலை வைத்துப் பார்த்தால், அந்தக் களத்தில் பறக்க ஸ்விஃப்ட்டுக்குத் தெரியும் என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. அப்படியானால், அது கற்றது என்று சொல்வதில் எது குறைகிறது?

திறன் வளரும் படிகள்

இதற்கு விடை தேட உதவும் ஆய்வு ஒன்று விமானப் பயிற்சியை ஒட்டியே எழுந்தது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பணியாற்றிய ஸ்டுவர்ட் டிரைஃபஸ், ஹூபர்ட் டிரைஃபஸ் சகோதரர்கள், அமெரிக்க விமானப்படையின் அறிவியல் ஆய்வு அலுவலகத்துக்காக 1980-இல் ஓர் அறிக்கை எழுதினார்கள். புதியவர் விதிகளைப் பிடித்துக்கொண்டு தொடங்குகிறார். அனுபவம் சேரச் சேர விதிகள் நழுவுகின்றன. வல்லுநர் நிலைமையைப் பார்த்த மாத்திரத்தில் செய்ய வேண்டியதைச் செய்கிறார் என்பது அதன் சாரம். பின்னாளில் அவர்கள் எடுத்துக்காட்டிய ஒரு நிகழ்ச்சி இதை விளக்கும். விமானப்படைப் பயிற்றுநர்கள், விமானியறைக் கருவிகளை எந்த வரிசையில் பார்த்துவர வேண்டும் என்று புதியவர்களுக்குக் கற்பித்துவந்தார்கள். பயிற்றுநர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்தபோது, அவர்களே அந்த வரிசையைப் பின்பற்றவில்லை என்று தெரிந்தது.

இதுவரை ஸ்விஃப்ட்டும் வல்லுநரைப் போலவே தோன்றுகிறது. அதுவும் விதியைப் பார்த்துப் பறப்பதில்லை. ஆனால் டிரைஃபஸ் சகோதரர்கள் இடைப்பட்ட படி ஒன்றில் ஒரு திருப்பத்தைச் சுட்டினார்கள். விதிகள் போதாமல் போகும் கட்டத்தில், எதை முக்கியமாகக் கொள்வது என்று கற்பவரே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. முடிவு தன்னுடையது என்பதால் அது பலித்தால் மகிழ்கிறார், தவறினால் வருந்துகிறார். இந்த ஈடுபாடுதான் அடுத்த படிக்கு ஏற்றுகிறது. பட்ரிசியா பென்னர் செவிலியரிடையே நடத்திய ஆய்வுகளும் இதையே காட்டின. நோயாளியின் நிலையில் மனம் ஈடுபடாமல் ஒதுங்கி நின்றவர்கள், பல ஆண்டுகள் பணியாற்றியும் தேர்ச்சியின் மேல்படிகளை எட்டவில்லை.

ஸ்விஃப்ட்டுக்கும் மோதலுக்கு மதிப்பெண் குறைந்ததே, வருத்தமும் அதுபோன்ற ஒரு கழித்தல்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. மனித வருத்தமும் மூளையில் நிகழும் ஒரு திருத்தமாக இருக்கலாம். ஆயினும், எதற்கு எவ்வளவு கழிப்பது என்பதை ஸ்விஃப்ட்டுக்கு வெளியிலிருந்து ஆய்வாளர் நிர்ணயித்தார். அதை மறுக்கவோ, இந்த ஓட்டம் தேவைதானா என்று கேட்கவோ அதனால் இயலாது. மனிதருக்கு வருத்தம் இலக்கையே மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது.

டிரோன் ஓட்டுநர் பயிற்சியில் இந்த வேறுபாடு நேரடியாகத் தெரியும். இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகள் வான்பரப்பைப் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரிக்கின்றன. சிவப்பு மண்டலத்தில் ஒன்றிய அரசின் அனுமதியின்றிப் பறக்கக் கூடாது. இத்தகைய தடையை டிரோனின் மென்பொருளிலேயே பதித்துவிடலாம். ஆனால் பச்சை மண்டலத்தில், விதி இடம்கொடுக்கும்போதே, காற்று வலுக்கிறது. கீழே ஆட்கள் கூடுகிறார்கள். கேமராவின் கோணத்தில் பக்கத்து வீட்டு முற்றம் விழுகிறது. இப்போது இறக்கிவிடுவோம் என்று முடிவெடுப்பவர், வேலை தடைப்பட்டதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். பறக்காமல் இருக்கும் இந்த முடிவும் ஓட்டுநர் பயிற்சியின் பகுதிதான். விளைவைத் தனதாகக் கொள்ளாதவருக்கு அது கைவராது.

ஆசிரியராக இயந்திரம்

மாசிடோனிய இளவரசன் அலெக்சாந்தருக்கு அரிஸ்டாட்டில் வாய்த்ததுபோல், சில ஆண்டுகளில் இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்குக் கணினிவழித் தனியாசிரியர் கிடைப்பார் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மெய்யியலாளர் பேட்ரிக் சப்பீஸ் 1966-இல் எழுதினார். அந்த எதிர்பார்ப்பு இப்போதுதான் பெரிய அளவில் சோதிக்கப்படுகிறது.

பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் துருக்கியின் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களிடம் கணிதப் பாடத்தில் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பிரிவினருக்கு ஜிபிடி-4 உரையாடல் கருவி அப்படியே தரப்பட்டது. இன்னொரு பிரிவினருக்குத் தரப்பட்ட கருவி, ஆசிரியர்கள் வகுத்த குறிப்புகளின்படி, விடையைச் சொல்லாமல் வழியை மட்டும் காட்டியது. மூன்றாம் பிரிவினருக்குக் கருவி இல்லை. பயிற்சிக் கணக்குகளில் முதல் பிரிவு 48 விழுக்காடும் இரண்டாம் பிரிவு 127 விழுக்காடும் கூடுதலாகச் செய்தன. பிறகு கருவியின்றித் தேர்வு நடந்தது. முதல் பிரிவினர், கருவியையே தொடாதவர்களைவிட 17 விழுக்காடு குறைவாகப் பெற்றார்கள். இரண்டாம் பிரிவில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. முதல் பிரிவு மாணவர்கள் தாங்கள் குறைவாகக் கற்றதை உணரவும் இல்லை.

இங்கே பறிபோனது எது? விடை கிடைத்தது, ஆனால் தவறு செய்து, அந்தத் தவறோடு சற்று நேரம் இருந்து, அதைத் தானே திருத்தும் வாய்ப்பு கிடைக்கவில்லை. கணக்கு தவறினாலும் அது மாணவரின் தவறாக இல்லை. கருவியின் தவறாக இருந்தது. குறிப்பு மட்டும் தந்த கருவியோ அந்தச் சுமையை மாணவரிடமே விட்டுவைத்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்பில், ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும் காட்டுமாறு அமைத்த கருவி நல்ல பலன் தந்ததற்கும் இந்த வடிவமைப்பு துணைநின்றது எனலாம். ஆக, இயந்திரம் கற்பிப்பதே கேடு என்ற முடிவுக்கு இடமில்லை. கற்பவரின் பங்கை அது எடுத்துக்கொள்கிறதா, விட்டுவைக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது.

உரை என்னும் அளவை

கற்பிப்பவரின் சொல்லை எதனால் நம்புவது என்ற கேள்வி இந்திய மெய்யியலில் நுட்பமாக ஆராயப்பட்டிருக்கிறது. சைவ சித்தாந்தம், அறியும் வழிகளாகக் காண்டல், கருதல், உரை என்று முதன்மையாக மூன்று அளவைகளைக் கொள்கிறது. நியாய மரபின்படி, ஆப்தரின் சொல்லே உரை அளவை. பொருளை நேரே அறிந்தவர், அறிந்தபடியே சொல்ல விரும்புபவர் ஆப்தர் என்கிறது வாத்ஸ்யாயனரின் விளக்கவுரை. முனிவருக்கும் மற்றவருக்கும் இந்த இலக்கணம் ஒன்றே என்றும் அது சொல்கிறது. பிறப்பைப் பார்க்காத இலக்கணம் இது. ஆகவே இயந்திரம் என்ற ஒரே காரணத்தால் ஒன்றைத் தள்ளிவிட முடியாது. இலக்கணத்தில் வைத்தே சோதிக்க வேண்டும்.

சோதித்தால் இரண்டு இடங்களிலும் குறை தெரிகிறது. ஜிபிடி-4 போன்ற மொழிக்கருவி பொருளை நேரே அறியவில்லை. பொருளைப் பற்றிப் பிறர் எழுதியவற்றிலிருந்து சொல்லமைப்பைப் பெற்றது. உள்ளபடி சொல்ல வேண்டும் என்ற விருப்பமும், தவறினால் அதற்கு ஈடுசெய்யும் நிலையும் அதற்கு இல்லை. மீமாம்சகர்கள் வேறொரு வழி காட்டினார்கள்: சொல்லின் குற்றம் சொல்பவரிடமிருந்து வருவது, ஆகவே எவராலும் செய்யப்படாத வேதத்தில் குற்றம் இல்லை. மொழிக்கருவியின் விடைக்கும் சொல்பவர் என்று ஒருவர் இல்லைதான். ஆனால் அது கோடிக்கணக்கான மனிதர் எழுத்திலிருந்து உருவானதால், அவர்களுடைய குற்றங்கள் அதற்குள் வந்துசேர்கின்றன. பொறுப்பேற்க ஒருவர் மட்டும் வரவில்லை. எனவே அதன் விடையை உரை அளவையாகக் கொள்ளாமல், காண்டலாலும் கருதலாலும் சரிபார்க்க வேண்டிய குறிப்பாகக் கொள்வதே முறை.

நன்னூலின் பொதுப்பாயிரம் கற்றலின் பங்குகளைப் பிரித்துக் காட்டுகிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டாலும் புலமையில் கால் பங்கே வரும். உடன் கற்பவரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு வரும். எஞ்சிய அரைப் பங்கு பிறருக்கு எடுத்துரைப்பதால் வரும். எடுத்துரைப்பவர் கேள்விக்கு உட்படுகிறார். தான் அறிந்ததற்குத் தானே பதில் சொல்ல வேண்டியவராகிறார். பாதிக் கல்வியை நன்னூல் அந்த இடத்தில் வைத்திருக்கிறது.

பயிற்சி முறைக்கு இதனால் வருவது

இதிலிருந்து பயிற்சிக்கூடங்களுக்கும் வகுப்பறைகளுக்கும் சில முடிவுகள் கிடைக்கின்றன. பாவனைக் களத்தில் நூறு முறை மோதிப் பழகுவதற்கு இயந்திரம் சிறந்த துணை; அங்கே விழும் அடி யாருக்கும் வலிக்காது. அதனாலேயே அங்கு பெற்ற தேர்ச்சியை மட்டும் வைத்துச் சான்றிதழ் தருவது தகாது. விளைவு உண்மையாக இருக்கும் களத்தில், மாணவரே முடிவெடுத்து, ஏன் அப்படி முடிவெடுத்தார் என்று பயிற்றுநர் முன் விளக்கும் கட்டம் ஒன்று வேண்டும். கற்பிக்கும் கருவி விடையைத் தாமதித்து வழியைக் காட்டுவதாக இருக்க வேண்டும். தேர்வு கருவியின்றி நடக்க வேண்டும். கற்றதை உடன் மாணவருக்கு எடுத்துச் சொல்வதற்குப் பாடவேளையில் இடம் வேண்டும். கருவியின் சொல்லுக்கு எந்த ஆசிரியர் பொறுப்பு என்பதையும் நிறுவனம் முன்பே அறிவிக்க வேண்டும்.

இயந்திரம் நாளை இன்னும் வேகமாகப் பறக்கும், இன்னும் நயமாக விளக்கும். அதனால் இயந்திரத்துக்கும் மாணவருக்கும் இடையிலான பங்கீடு மாறாது. திறனைப் பெருக்கும் வேலையை அதனிடம் ஒப்படைக்கலாம். முடிவெடுத்து, அதன் விளைவுக்குப் பதில் சொல்லப் பழகும் வேலையை மாணவரிடமிருந்து அது எடுத்துக்கொள்ள விடக் கூடாது.