சராசரியும் சமத்துவமும்

கல்வி எல்லார்க்கும் பொது என்னும் கொள்கையை இன்று வெளிப்படையாக மறுப்பார் இலர். இலங்கையில் 1945 ஆம் ஆண்டு முதல் ஆரம்ப வகுப்புத் தொட்டுப் பல்கலைக்கழகம் வரை கல்வி கட்டணமின்றி வழங்கப்பட்டு வருகின்றது. அன்றைய கல்வியமைச்சர் கன்னங்கரா மேற்கொண்ட அம்முயற்சி ஏழை மக்கள் வாழ்வில் விளைத்த மாற்றத்தைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றியின்மையாகும். ஆயினும் ஒரு பொருள் விலையின்றிக் கிடைத்தல் வேறு. அது யாவர்க்கும் ஒத்த தன்மையிற் கிடைத்தல் வேறு. பொதுப் பாடசாலைகளுக்குப் பணத்தையும் கட்டடத்தையும் ஆசிரியரையும் பகிர்ந்தளிக்கும் அரசு, எதனைச் சமமான பங்கீடு என்று கொள்ள வேண்டும்? தலைக்கு இவ்வளவென எண்ணிக் கொடுப்பதையா? இல்லாமையை அறிந்து கொடுப்பதையா? அலுவலகக் கோப்புகளுக்குள் முடங்கிக் கிடக்கும் இவ்வினாவை ஓர் அறவியல் வினாவாக எடுத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாவை நாம் எல்கடுவையில் இருந்துகொண்டு எழுப்புகின்றோம். மாத்தளை நகருக்குத் தென்கிழக்கே, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மலைப்பகுதி இது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, வழியிற் பலரைப் புதைத்துவிட்டு வந்த தொழிலாளர் மலைநாட்டினுட் புகுந்த வாயில் மாத்தளையாகும். 2023 ஆம் ஆண்டு மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்தோர், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே வந்தமை இதனாலேயே ஆகும். நாம் இடைநிலை வகுப்புகளிற் கற்பிக்கும் மாணவர் பலர் அவ்வழி வந்தோரின் வழித்தோன்றல்கள்.

இவர்களுடைய பாடசாலைகள் பொதுக்கல்வியினுட் சேர்ந்த வரலாற்றை முதலில் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், ஆறு முதற் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் ஒப்படைத்தது. பிள்ளையின் உழைப்பால் இலாபம் பெறுபவரே அப்பிள்ளையைப் படிக்கவைக்க வேண்டும் என்ற ஏற்பாடு எத்தகைய கல்வியைத் தந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1945 இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் புறத்தே நின்றன. 1948 இன் குடியுரிமைச் சட்டம் பெற்றோரை நாடற்றோராக்கியது. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு கையேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன. தோட்டங்கள் தேசியமயமான பின்னர், 1977 முதலே அவை கட்டம் கட்டமாகப் பெருமளவிற் பொறுப்பேற்கப்பட்டன. இலவசக் கல்வியின் தொடக்கத்துக்கும் இதற்கும் இடையே 32 ஆண்டுகள் சென்றிருந்தன. ஏனைய பாடசாலைகள் கட்டடமும் நூலகமும் ஆய்வுகூடமும் பழைய மாணவர் சங்கமும் சேர்த்துக்கொண்ட காலம் அது.

இவ்வாறு பிந்தி வந்தவனுக்கும் முந்தி வந்தவனுக்கும் இன்று ஒரே அளவு கொடுத்தாற் போதுமா? போதும் என்போர் கையிலெடுக்கும் கருவி சராசரி என்பதாகும். இலங்கையின் அரசாங்கப் பாடசாலைகள் ஏறத்தாழப் பத்தாயிரம். 2020 ஆம் ஆண்டளவில் அவற்றில் ஏறத்தாழ 40 இலட்சம் மாணவரும் இரண்டரை இலட்சம் வரையான ஆசிரியரும் இருந்தனர். அதாவது 16 அல்லது 17 மாணவருக்கு ஓர் ஆசிரியர். செல்வ நாடுகள் பலவற்றோடு ஒப்பிடத்தக்க விகிதம் இது. பின்னர் குறை எங்கே?

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். முதலாம் தரம் முதல் 11 ஆம் தரம் வரையுள்ள மலைப்பாடசாலை ஒன்றில் 165 மாணவரும் 11 ஆசிரியரும் உளர். 15 பேருக்கு ஓர் ஆசிரியர். நகரத்துப் பாடசாலை ஒன்றில் 2,000 மாணவரும் 100 ஆசிரியரும் உளர். 20 பேருக்கு ஓர் ஆசிரியர். கணக்கின்படி மலைப்பாடசாலையே வளமுடையது. நகரத்துக்கே இன்னும் ஆசிரியர் தேவை என்று கூறவும் கூடும். ஆனால் மலைப்பாடசாலையின் 11 பேரில் ஐவர் ஆரம்ப வகுப்புகளுக்கு உரியவர். எஞ்சிய அறுவர் ஆறு வகுப்புகளுக்குச் சகல பாடங்களையும் கற்பிக்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்குப் பாடங்கள் ஒன்பது. நகரத்தில் ஆறு கணித ஆசிரியருள் ஒருவர் மாற்றலாகிச் சென்றால் ஐவர் எஞ்சுவர். மலையில் இருக்கும் ஒரே கணித ஆசிரியர் சென்றாற் கணிதமே சென்றுவிடும். கணிதத்திற் சித்தியடையாத மாணவன் உயர்தர வகுப்பின் வாயிலிலேயே தடுக்கப்படுகின்றான். சராசரி பொய் கூறுவதில்லை. எனினும், அம்மாணவனைப் பற்றி அது எதுவும் கூறுவதுமில்லை.

அரசு பிள்ளைகளுக்கு வழங்குவனவற்றை இருவகையாகப் பிரித்து நோக்கலாம். 1980 முதல் பாடநூல் இலவசமாயிற்று. 1993 முதல் சீருடைத் துணி வழங்கப்பட்டது. இவை லொறியில் ஏற்றினால் மலையுச்சி வரை வந்து சேரும். கொழும்புப் பிள்ளையின் விஞ்ஞான நூலும் எல்கடுவப் பிள்ளையின் விஞ்ஞான நூலும் பக்கத்துக்குப் பக்கம் ஒன்றே. ஆசிரியரோ லொறியில் ஏற்றி அனுப்பத்தக்க பொருளல்லர். அவருக்குக் குடும்பம் உண்டு. பிள்ளைகளின் படிப்பு உண்டு. முதிய பெற்றோர் உண்டு. கஷ்டப் பிரதேசத்தில் முதல் நியமனம் பெறுகின்றார். சில ஆண்டுகள் கழிகின்றன. அனுபவம் கைவரும் வேளையில் நகரத்துக்கு மாற்றம் பெறுகின்றார். மலைப்பாடசாலை பயிற்சிக் களமாகவும் நகரப் பாடசாலை பயன்பெறும் களமாகவும் அமைந்துவிடுகின்றன. நூலைச் சமமாகப் பங்கிட்ட அரசு, அந்நூலைத் திறந்து விளக்குபவரைச் சமமாகப் பங்கிடவில்லை.

அரசே வகுத்த படிநிலைகளும் இதற்குத் துணைபோகின்றன. 1985 இல் 18 பாடசாலைகளைக் கொண்டு தேசிய பாடசாலை என்ற பிரிவு உருவாக்கப்பட்டது. இன்று அவை சில நூறாகப் பெருகி மத்திய அமைச்சின் கீழ் உள்ளன. ஏனையவை மாகாண சபைகளின் கீழ் உள்ளன. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவுள்ளவை, இல்லாதவை, 11 ஆம் தரத்தோடு நிற்பவை, ஆரம்ப வகுப்புகளோடு முடிபவை என வேறு பாகுபாடும் உண்டு. தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை கடைசிப் படியிலேயே நிற்கின்றன. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட அடிப்படை இவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்யும் என்பர். கலைத்துறை நீங்கலாக, 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என வகுத்தது நல்ல நோக்கமே. எனினும் நுவரெலியாவும் பதுளையும் இடம்பெறும் அப்பின்தங்கிய பட்டியலில் மாத்தளை இல்லை. மாத்தளை நகர மாணவனும் எல்கடுவத் தோட்ட மாணவனும் ஒரே மாவட்டத்தவராய் ஒரே வரிசையில் நிற்கின்றனர். மாவட்டம் என்னும் அலகும் ஒருவகைச் சராசரியே.

இங்கு இரு தடைகள் எழுப்பப்படலாம். முதலாவது, பிள்ளையின் கல்வியைத் தீர்மானிப்பது வீடேயன்றிப் பாடசாலையன்று என்பது. 1966 இல் அமெரிக்காவில் கோல்மன் குழுவினர் வெளியிட்ட அறிக்கை இக்கருத்துக்குப் பெரிதும் சான்றாகக் காட்டப்படுவது. பாடசாலைச் சாதனங்களைக் காட்டிலும் குடும்பப் பின்னணியே மாணவர் தேர்ச்சியில் மிகுதியாகச் செல்வாக்குச் செலுத்துகின்றது என அது கண்டது. ஆனால் பின்தங்கிய சிறுபான்மை மாணவரின் தேர்ச்சி ஏனையோரைவிடக் கூடுதலாகப் பாடசாலையின் தரத்தையும் ஆசிரியரின் தரத்தையும் சார்ந்துள்ளது என்பதையும் அவ்வறிக்கையே கூறியது. இது எமது அன்றாட அனுபவத்தோடு பொருந்துவது. வீட்டில் நூலும் விளக்கும் தனியறையும் உள்ள பிள்ளை, ஆசிரியர் வராத நாளிலும் கற்கும். மாலையிற் கட்டணம் செலுத்தித் தனியார் வகுப்புக்குச் செல்லும். லயத்தின் ஒற்றையறையில் வாழும் பிள்ளைக்குப் பாடசாலையே முழு உலகம். ஆகவே வீடு வலிமையற்றிருத்தல், பாடசாலையைக் கூடுதலாக வலுப்படுத்துவதற்குரிய காரணமேயன்றிக் கைவிடுவதற்குரிய காரணமாகாது.

இரண்டாவது தடை இன்னும் நயமானது. ஆசிரியப் பணி அறப்பணியன்றோ, தியாகவுணர்வுள்ளோர் மலைக்குச் செல்வரன்றோ என்பது அது. தியாகத்தை நாம் இழித்துரைக்கவில்லை. ஒரே பாடசாலையில் முப்பதாண்டு உழைத்து ஓய்ந்த ஆசிரியர்களை மலையகம் அறியும். ஆனால் வள்ளுவர் ஒப்புரவறிதலை ஓர் அதிகாரமாகவும் ஈகையைப் பிறிதோர் அதிகாரமாகவும் வகுத்தமையை இவ்விடத்து எண்ணுதல் தகும். ஒப்புரவு ஊரோடு கூடி வாழ்பவரின் கடப்பாடு. ஈகை கொடுப்பவரின் நல்லியல்பு. பிள்ளையின் உரிமை ஒருவருடைய நல்லியல்பில் தங்கியிருக்குமாயின், அந்நல்லியல்பு இல்லாத ஊரில் அவ்வுரிமையும் இல்லையாகிவிடும். தனிமனிதரிடம் தியாகத்தை எதிர்பார்க்கும் அரசு தன் கடப்பாட்டை அவர் தோளிற் சுமத்திவிட்டு விலகிக்கொள்கின்றது. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் தோட்டப் பாடசாலைகளின் வெற்றிடங்களுக்கு ஆசிரியர் உதவியாளர் என்ற பெயரில் மலையக இளைஞரும் யுவதிகளும் சேர்க்கப்பட்டபோது, தொடக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்தது மாதம் 6,000 ரூபாய்ப் படி. வேலை ஆசிரியருடையது, ஊதியம் அதுவன்று. மலையகப் பிள்ளையின் குறை, மலையக இளைஞரின் மலிந்த உழைப்பால் நிரப்பப்பட்டது.

வேறு வழி உண்டென்பதற்கு ஜப்பான் சான்று. 1954 இல், போரின் வடு முற்றும் ஆறாத நிலையிலேயே, அந்நாடு ஒதுக்குப்புறப் பிரதேசக் கல்விக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, அங்கு பணியாற்றும் ஆசிரியருக்குச் சிறப்புப் படியும் குடியிருப்பும் வகுத்தது. ஆசிரியர் பாடசாலைகளிடையே காலமுறையில் மாறிச் செல்லுதலும் அங்கு வழமை. மலைக்குச் செல்வது தண்டனையாகவோ துறவாகவோ இராது, பணிவாழ்வின் ஒரு பகுதியாக அமையும்போது வீரர்களை எதிர்பார்க்க வேண்டியதில்லை. எமது நாட்டிலும் கஷ்டப் பிரதேசப் படி உண்டு. ஆனால் மழைக்கு ஒழுகாத விடுதியும், ஒழுங்கான பேருந்தும், குறித்த காலத்தில் மாற்றாள் வருவார் என்ற உறுதியும் இன்றிப் படி மாத்திரம் எவரையும் நிறுத்தி வைக்காது.

நாம் வேண்டுவது எளிய விதியொன்று. ஆசிரியரைத் தலைக்கணக்கால் மாத்திரமன்றிப் பாடக்கணக்காலும் எண்ணுக. நகரப் பாடசாலையின் ஏழாவது கணித ஆசிரியருக்கு முன்னர் மலைப்பாடசாலையின் முதலாவது கணித ஆசிரியரை நியமிக்குக. இவ்விதி யாருக்கும் இழப்பின்றி நிறைவேறும் என்று கூறுதல் நேர்மையாகாது. நகரத்துப் பெற்றோர் சற்றுக் காத்திருக்க நேரிடும். ஆசிரியராகிய நாமும் விரும்பாத ஊரிற் சில ஆண்டுகள் வாழ நேரிடும். சமத்துவத்தை மேடையில் ஏற்றுக்கொள்வோர் அதன் விலையைக் கேட்டவுடன் விலகுவதை நாம் அறிவோம். ஆயினும் அவ்விலை இன்றும் செலுத்தப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றது. கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளை, கணிதபாட நேரத்தில் ஆசிரியரற்ற வகுப்பில் அமர்ந்து அதனைச் செலுத்துகின்றது. அச்சுமையை அப்பிள்ளையின் தோளிலிருந்து இறக்கி எல்லாரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே எமது கோரிக்கை. ஆசிரியர் சங்கங்களும் பெற்றோரும் எழுத்தாளரும் இதனை ஓயாது எழுப்புவாராக.