கிண்ணம் ஏந்திய கை

விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே கள்ளுண்ணாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டையும் ஒருங்கே கற்று வளர்ந்த நமக்கு, விருந்தும் மதுவும் ஒரே மேசையில் அமரும் மேலைநாட்டு வழக்கம் சற்று அயலாகவே தோன்றும். ஆயினும் அந்நாடுகளில் இன்று எழுந்துள்ள ஒரு வினா நமக்கும் உரியதே. திராட்சை மது பரிமாறுவதையே தொழிலாகக் கொண்டிருந்த சிலர், அதனை விடுத்து, மனிதரின் உடல்நலத்தையும் மனநலத்தையும் பேணும் பணிக்கு மாறி வருகின்றனர். கிண்ணத்தை நீட்டிய கை இன்று மூச்சுப் பயிற்சியும் உணவு ஒழுங்கும் கற்பிக்கிறது. இது மனமாற்றமா, வெறும் தொழில்மாற்றமா?

பிரெஞ்சு மொழியில் ‘சொமலியே’ எனப்படும் அப்பணியாளரின் கலை எளிதன்று. திராட்சை விளைந்த மண்ணையும் அறுவடை செய்த ஆண்டையும் அவர் நாவாலும் நாசியாலும் அறிய முயல்வார். விருந்தினர் என்ன உண்கிறார், எவ்வளவு செலவிட இயலும், எந்த மனநிலையில் வந்திருக்கிறார் என்பவற்றைக் கேளாமலே உணர்வார். சுவைத்ததை உமிழ்ந்துவிடுவதே தொழில் ஒழுங்கு. எனினும் நள்ளிரவில் பணி முடிந்தபின், களைப்பாறக் கிண்ணத்தையே நாடி வீழ்ந்தோரும் உண்டு.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மதுபானங்களைப் புற்றுநோய் விளைவிப்பனவற்றுள் 1988ஆம் ஆண்டிலேயே சேர்த்தது. ஆனால் 1991இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று பிரெஞ்சு மக்களின் இதயநலத்தைச் சிவப்புத் திராட்சை மதுவோடு இணைத்துப் பேசவே, அதன் விற்பனை உயர்ந்தது. 2023 ஜனவரியிலோ அந்நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு, தீங்கற்ற அளவு என்று எதனையும் கூற இயலாது என அறிவித்தது. நன்மை செய்வதாக நம்பிப் பரிமாறியவர்கள் தம் கைகளையே பார்த்துத் திகைப்பது இயல்பன்றோ?

நம் பங்குகளிலிருந்தும் உணவக மேலாண்மை பயின்று, சொகுசுக் கப்பல்களின் மதுக்கூடங்களில் உழைத்து, வீடு கட்டியோரும் தங்கையரைக் கரையேற்றியோரும் உளர். “சாமி, நான் ஊற்றிக் கொடுத்ததெல்லாம் பாவமா?” என்று அவர்களுள் ஒருவர் கேட்டால், நாம் விரைந்து விடை கூறலாகாது. நிலைதடுமாறிய ஒருவருக்கு, தெரிந்தே, விற்பனைக்காக மேலும் ஊற்றியிருந்தால் அது மனம் வருந்தி அறிக்கையிட வேண்டியதே. களைத்து வந்த அந்நியரை இன்முகத்தோடு வரவேற்றதோ அருஞ்செயல். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி எறிபவர், தீமையோடு தம் நற்பண்பையும் எறிந்துவிடுகிறார்.

இங்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. விருந்தோம்புவோரின் கண் பிறரை நோக்கியது. நலவாழ்வு என்று இன்று விற்கப்படுவதோ பல வேளைகளில், ‘என் உடல், என் அமைதி’ என்று தன்னையே நோக்குகிறது. பிரான்சில் போர்தோ நகருக்கு அருகே மார்த்தியாக் என்னும் ஊரில், திராட்சைத் தோட்டங்களின் நடுவே, திராட்சையைக் கொண்டே மேனிக்கு நலம் தரும் விடுதியொன்று 1999இல் திறக்கப்பட்டது. மதுவுக்கென விளைந்த கனி மேனிநலத்துக்கும் உதவுவது நன்றே. எனினும் இத்தகைய விடுதிகளின் கதவு பெரும்பாலும் பொருள் படைத்தோர்க்கே திறக்கிறது.

அதே நாட்டில், பர்கண்டிப் பகுதியைச் சேர்ந்த போன் என்னும் நகரில், 1443ஆம் ஆண்டு நிக்கோலா ரோலனும் அவர்தம் மனைவியார் கிகோன் தெ சாலேனும் ஏழை நோயாளருக்கென ஓர் இல்லம் நிறுவினர். நெடும்போர் மக்களை வாட்டிய காலம் அது. ஏழையர் கூடத்தில் இருமருங்கும் கட்டில்கள் வரிசையாக நின்றன. அக்கூடத்தின் முனையிலேயே சிற்றாலயம் அமைந்திருந்தது. கொடையாளர் அளித்த திராட்சைத் தோட்டங்கள் அதற்கு வருவாயாயின. 1859 முதல் அத்தோட்டங்களின் மது ஏலம் விடப்பட்டு வருகிறது. பழைய இல்லம் காட்சியகமாகிவிட்ட பின்னரும், அவ்வருவாய் மருத்துவப் பணிக்கு உதவுகிறது. மதுவிலிருந்து நலத்திற்குச் செல்லும் பாதையை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் கண்டனர். அப்பாதையின் முடிவில் ஓர் ஏழை படுத்திருந்தார்.

லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தை மீண்டும் ஒருமுறை வாசிப்போம். நல்ல சமாரியர் அடிபட்டவரின் காயங்களுக்கு எண்ணெயும் திராட்சை மதுவுமே மருந்தாக்கினார். பின்னர் அவரைச் சாவடியில் சேர்த்தார். மது, விடுதி, நலம் மூன்றும் அங்கே ஒன்றுகூடுகின்றன. சமாரியரைப் போற்றும் நாம் சாவடிப் பொறுப்பாளரை மறந்துவிடுகிறோம். வழிப்போக்கருக்கு இடமளித்துப் பிழைத்தவர் அவர். இரண்டு தெனாரியத்தையும் ஒரு வாக்குறுதியையும் பெற்றுக்கொண்டு, முன்பின் அறியாத ஒருவரைப் பேணும் பொறுப்பு அவருடையதாயிற்று. அவர் தம் தொழிலை விடவில்லை. வந்து சேர்ந்தவரின் காயம் அத்தொழிலுக்குப் புதுப்பொருள் தந்தது.

ஆகவே தொழில் மாறுவோர் பழைய பணியிடத்திலிருந்து ஒன்றை மட்டும் உடன் கொண்டு செல்லட்டும்: விருந்தினரின் முகம் பார்த்தே தேவையறிந்த அந்தக் கண்ணை. நலவாழ்வு கற்பிக்கும் புதிய கூடத்தில் கட்டணம் செலுத்த இயலாத ஒருவருக்கும் ஓர் இருக்கை போடட்டும். கிண்ணத்தைக் கீழே வைத்ததற்காக நாம் அவர்களைப் பாராட்டலாம். அக்கை அடுத்து யாரைத் தூக்கிவிட நீள்கிறது என்பதை இறைவன் பார்த்துக்கொண்டிருக்கிறார்.