அடியில் எழுதிய பெயர்

பொய் என்பது சொல்லில் இருக்கிறதா, சொல் போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறதா? சீனப் பீங்கானின் அடியில் எழுதப்பட்டிருக்கும் ஆட்சிக் குறி இந்தப் பிரச்னையை ஸ்தூலமாகவே நம் கையில் கொடுத்துவிடுகிறது.

மிங் வம்சத்துச் செங்ஹுவா சக்கரவர்த்தியின் ஆட்சி 1465 முதல் 1487 வரை. மெல்லிய நீலக் கோட்டுக்குள் வண்ணம் நிரப்பி ஜிங்டெஷென் சூளைகளில் அப்போது செய்த சிறு கோப்பைகளைப் பிற்காலச் சீன ரசிகர்கள் உச்சத்தில் வைத்தார்கள். அவற்றின் அடியில் ‘மகா மிங், செங்ஹுவா ஆண்டுகளில் செய்தது’ என்று பொருள்படும் ஆறு எழுத்துகள். இருநூறு வருஷம் கழித்து, சிங் வம்சத்துக் காங்ஷியின் ஆட்சியில் (1662–1722), அதே ஊர்க் குயவர்கள் தம் பாண்டங்களிலும் இந்த ஆறு எழுத்துகளை எழுதினார்கள். 1677இல் உள்ளூர் அதிகாரி ஒருவர் நடப்புச் சக்கரவர்த்தியின் பெயரைப் பீங்கானில் எழுதக்கூடாதென்று தடை போட்டிருந்தார். பாண்டம் உடைந்தால் பெயர் குப்பையில் மிதிபடும். சிலர் பழைய பெயரை எழுதினார்கள். சிலர் இரட்டை வட்டம் மட்டும் போட்டு உள்ளே வெறுமையாக விட்டார்கள். குவாங்ஷு காலத்தில் (1875–1908) காங்ஷியின் பெயரே புதுப் பாண்டங்களின் அடியில் ஏறியது. கடன் வாங்கிய காலம் கடன் கொடுக்கும் காலமாயிற்று.

வங்கியில் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது என் பிழைப்பு. அங்கே கையெழுத்து மெய், அல்லது பொய். இந்தத் தராசு பீங்கானுக்கு உதவவில்லை. செங்ஹுவா என்று எழுதிய குயவன் யாரை ஏமாற்றினான்? அவன் எழுதியது பெரும்பாலும் தேதி அல்ல, வணக்கம். நமக்கு இது புதிதுமல்ல. சித்த வைத்திய நூல்கள் எத்தனையோ அகத்தியர் பெயரில் இருக்கின்றன. ஔவையாரும் ஒருவரல்ல.

ஆனால் வணக்கம் இடம்பெயர்ந்தால் என்ன ஆகிறது? நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு நீலப்பூக் கிண்ணம் உண்டு. பாட்டனார் பினாங்கிலிருந்து கொண்டுவந்தது. அடியில் காங்ஷியின் பெயர். அதைப் படித்துச் சொன்ன யாரோ முந்நூறு வருஷம் என்றிருக்கிறார்; வீடு நம்பிவிட்டது. கவிழ்த்துப் பார்த்தால், களிமண்ணும் நீலத்தின் தன்மையும் எழுதிய தூரிகையின் அவசரமும் குவாங்ஷு காலத்தையே காட்டுகின்றன. பாட்டனார் வாங்கியபோது அது ஏறக்குறையப் புதுக் கிண்ணம்.

“அப்படியானால் போலியா?” என்று கேட்டார் நண்பர்.

குயவன் பொய் சொல்லவில்லை. பாட்டனார் எதுவுமே சொல்லவில்லை. படித்தவர் இருந்த பெயரைத்தான் படித்தார். இருந்தும் ஒரு பொய் உண்டாகிவிட்டது. அதைக் கலைக்காமல் விடுவதே மரியாதை என்று ஒரு கட்சி உண்டு, எனக்குச் சம்மதமில்லை. சக்கரவர்த்தியின் முந்நூறு வருஷம், அந்தக் குடும்பம் அந்தக் கிண்ணத்தோடு உண்மையில் வாழ்ந்த நூறு வருஷத்தை விழுங்கிவிடுகிறது. இரவல் வயதால் சொந்த வயது அழிகிறது.

வணக்கத்துக்கும் மோசடிக்கும் எல்லை எங்கே? சூளையில் ஒட்டிக்கொள்ளாதிருக்க, பாண்டத்தின் அடிவளையத்தில் மெருகைத் துடைத்துவிடுவது வழக்கம். அது தன் மண்ணைக் காட்டும் இடம் அதுதான். வணங்கியவன் பழைய பெயரை எழுதினான், அடிவளையத்தை அப்படியே விட்டான். மோசடிக்காரனோ அங்கே அழுக்கைத் தேய்த்து, நடக்காத தேய்மானத்தை உண்டாக்குகிறான். பெயரை இரவல் வாங்குவது மரபுக்குள் நடக்கிற காரியம். காலத்தை இரவல் வாங்குவது அப்படியல்ல.

நம் கவிதைகளின் அடியிலும் பெரிய பெயர்கள் தெரிகின்றன. அதற்காக முகம் சுளிக்க வேண்டியதில்லை. மெருகு படாத இடத்தில் எழுதியவனின் மண் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். அங்கேயும் தான் படாத துயரத்தை அவன் தேய்த்து வைத்திருந்தால், அதைச் சொல்லத்தான் விமர்சனம் இருக்கிறது.