முதல் பிடித்தம்

எங்க பெரியம்மா முள்ளக்காட்டுப் பக்கம் முப்பது வருஷம் உப்பு வாரியவள். சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் முந்தானையில் மூணு முடிச்சுப் போடுவாள். அரிசிக்கு ஒண்ணு, வட்டிக்கு ஒண்ணு, பிள்ளைகளுக்கு ஒண்ணு. எதை முதலில் அவிழ்ப்பது என்பது அவள் முடிவு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வட்டிக்காரனிடம் ‘நாளைக்கு வாய்யா’ என்பாள். அவன் கத்துவான், போவான்.

அவள் மகள், என் அக்காவுக்கு முந்தானை முடிச்சு இல்லை. போன் இருக்கிறது. மகளின் காலேஜ் பீசுக்கு வாங்கிய கடன், மாதம் 5ஆம் தேதி கணக்கிலிருந்து தானாகப் போகும். போன மழையில் பாத்தியெல்லாம் தண்ணி, வேலை இல்லை. தவணை திரும்பியது, அபராதம் விழுந்தது. 15ஆம் தேதி மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் வந்தது. அன்றைக்கே அதையும் எடுத்துக்கொண்டார்கள். “யாருகிட்டல போயி நாளைக்கு வான்னு சொல்ல?” என்றாள் அக்கா.

இது அவள் ஒருத்தி கதை அல்ல. 2023 செப்டம்பரில் அந்தத் தொகை முதன்முதலாக விழுந்தபோதே, குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று சில வங்கிகள் அதில் கைவைத்தன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு கண்டிக்க வேண்டியிருந்தது.

முதலில் யார் எடுப்பது என்பது இந்தக் கடற்கரைக்குப் பழைய கேள்வி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தூத்துக்குடி முத்துக்குளிப்பில், மூச்சடக்கி இறங்கியவனுக்குச் சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. கரையில் நின்ற வெள்ளை அரசுக்கு இரண்டு பங்கு. உப்பளத்திலோ மழைக்கு முன்பணம் கொடுத்து, வெயிலில் கூலியில் பிடித்தார்கள். இன்று பிடிப்பவனுக்கு முகமில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

வரவு செலவு பார்க்கும் செயலிகள் நமக்குப் புத்தி சொல்கின்றன: மாதச் சம்பளத்தைப் பங்கு போடு, சேமிப்பை முதலில் ஒதுக்கு. யாருடைய மாதம்? அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளத்தில் வேலை இல்லை என்பதை ஒப்புக்கொண்டுதானே அரசே 5000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது? மாதம் தவறாமல் சம்பளம் வாங்குகிறவனின் ஒழுங்கை வைத்து நம்மை ஊதாரி என்பது எந்த ஊர் நியாயம்?

அதற்காகப் போனைக் கடலில் எறியச் சொல்லவில்லை. கைபட்டுவிடும் என்று மேலிருந்து சில்லறையைப் போட்ட கைகளை நம் பெரியவர்கள் கண்டிருக்கிறார்கள். கணக்கில் விழும் கூலியில் அந்த அவமானம் இல்லை. அது லேசான விஷயமல்ல.

வாங்கிய கடனைத் திருப்பித் தருவதும் அறம்தான். ஆனால் கடனா, கஞ்சியா என்று வரும்போது எது முதலில் என்று யோசித்து முடிவெடுக்கிறாளே, அங்கேதான் அறம் இருக்கிறது. யோசிக்கவே விடாமல் எடுத்துக்கொள்வதற்கு வசூல் என்று பெயர். சேரிக்காரிக்கு முடிவெடுக்கத் தெரியாது என்ற பழைய எண்ணம்தான் அதற்குள்ளும் இருக்கிறது.

ஆகவே, நிறுத்தும் உரிமையைக் கற்றுக்கொள்வோம். யுபிஐ ஆட்டோபே 2020இல் வந்தது. அதைப் போனிலேயே நிறுத்தலாம். எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கியில் எழுதிக்கொடுத்த தவணை உத்தரவையும் ரத்து செய்யக் கேட்கலாம். கடன் நிற்கும், ஆனால் பேசுவதற்கு ஒரு வாய் மிஞ்சும்.

அக்கா இப்போது வேறொரு கணக்கு தொடங்கியிருக்கிறாள். வெயில் காலத்தில் கூலி விழுந்த மறுநாளே ஒரு சிறு தொகை தானாக அங்கே போகும்படி வைத்திருக்கிறாள், மழைக்கு அரிசி வாங்க. அந்தக் கணக்கு கடன்காரனுக்குத் தெரியாது.

“இதுவும் ஒரு முடிச்சுதாம்ல தம்பி” என்றாள்.