மோதிரமும் சாட்சியும்

பிளேட்டோவின் ‘குடியரசு’ இரண்டாம் புத்தகத்தில் ஒரு மோதிரம் வருகிறது. பிளந்த பூமிக்குள் இறங்கும் இடையன் ஒருவன் பிணத்தின் கையிலிருந்து அதைக் கழற்றிக்கொள்கிறான். குமிழை உட்புறமாகத் தற்செயலாய்த் திருப்பியபோதுதான் தான் மறைந்துபோவது அவனுக்குத் தெரிகிறது. மறுபடி திருப்பிச் சோதித்துப் பார்க்கிறான். பிறகு அரசியைச் சேர்கிறான், அரசனைக் கொல்கிறான், நாடு அவனுடையதாகிறது. யாரும் பார்க்காதபோது எவன் நீதிமானாக இருப்பான் என்பது கிளாக்கோன் அங்கே எழுப்பும் கேள்வி.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டிலும் இந்த மோதிரம் உண்டு. மேஜையைச் சுற்றிச் சிலர், ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் மட்டும் நடுவர். மற்றவர்களுக்கு அவர்தான் உலகம். புதையலில் என்ன இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் பட்டியலும் பகடையும் தீர்மானிக்கின்றன. எடுப்பவனின் தகுதியை யாரும் கேட்பதில்லை. ஆரம்பகால விதிகளில் பொருளின் குணத்தை அறிய முக்கியமான வழி அதை உபயோகிப்பதுதான். மருந்தை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும், வாளை வீசிப் பார்க்க வேண்டும். சில வாள்களுக்குச் சொந்த அறிவும் அகந்தையும் இருந்தன. ஏந்தியவன் பலவீனனாக இருந்தால் வாள் அவனை நடத்தும்.

ஆனால் கிளாக்கோனின் நிபந்தனை இந்த மேஜையில் நிறைவேறுவதில்லை என்று எனக்குப் படுகிறது. மறைந்திருப்பவன் தன் செயலை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்: ‘மோதிரத்தை அணிகிறேன். தூங்குகிறவனின் பையைத் துழாவுகிறேன்.’ தூங்குகிறவன் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். கேட்டதைக் கேளாதவனாக அவன் தொடர்ந்து ஆட வேண்டும். ரகசியமாகச் சீட்டு எழுதிக் கொடுத்தாலும் நடுவர் என்ற ஒரு சாட்சி மிஞ்சுகிறார். சாட்சியில்லாத குற்றம் இங்கே சாத்தியமில்லை.

இதற்கு ஆட்டக்காரன் தரும் பதில் ஒன்று உண்டு: ‘திருடியது நானல்ல, என் பாத்திரம். அவன் அப்படிப்பட்டவன்.’ இதை முழுசாக ஏற்க என்னால் முடியவில்லை. நாடக நடிகனுக்கு வசனத்தை வேறொருவர் எழுதித் தருகிறார். இங்கே எழுதியவன் எவனுமில்லை. கை தடுமாறியதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கை நீண்டதைப் பகடை சொல்லவில்லை.

முழுசாக மறுக்கவும் முடியவில்லை. திருடனின் மனசு எப்படி இயங்குகிறது என்று பார்ப்பதற்காக ஒருவன் திருடனாக ஆடலாம். அடுத்த நாற்காலிக்காரனிடம் தீர்க்காத கோபத்தைத் தீர்த்துக்கொள்ளவும் அதே வாக்கியத்தை அவன் சொல்லலாம். இரண்டுக்கும் சொற்கள் ஒன்றே, பகடையும் ஒன்றே. செயல் எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. காரணம் மட்டும் மோதிரம் அணிந்திருக்கிறது. கிளாக்கோனின் கேள்வி இங்கே தோற்றுப்போகவில்லை, இடம் மாறியிருக்கிறது.

கவிதையில் ‘நான்’ என்று எழுதிவிட்டு, கேட்டால் அது கவிதையின் நான் என்கிறோம். பல சமயங்களில் அது உண்மை. எந்தச் சமயத்தில் உண்மை என்பதை வாசகனோ விமர்சகனோ நிரூபிக்க வழியில்லை. எழுதியவனிடம் மட்டுமே கேட்க முடிகிற இந்தக் கேள்வியை அவன் தன்னிடம் கேட்டுக்கொள்ளாவிட்டால், வேறு யாரும் கேட்கப்போவதில்லை.